பேனாவுக்கும் பேரேடு வைத்தவர்
நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பின் வாழ்க்கையும் அவர் கற்பித்த பாடமும்



நம் சமூகத்து இளைஞர்களிடையே எழுத்தார்வம் பெருகி வருவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்த ஆர்வத்தோடு கூடவே ஒரு சங்கடமும் வருவதை நம்மில் பலர் அறிவோம். கையிலிருந்த பணத்தைப் போட்டு, போதாததற்கு உறவினரிடம் கைமாற்று வாங்கி, ஆயிரம் பிரதி அச்சிட்டுவிட்டு, நூறு பிரதியை நண்பர்களுக்கு இனாமாகக் கொடுத்தபின் எஞ்சியதைக் கட்டுக் கட்டாக வீட்டு மூலையில் அடுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. நூலை அச்சிடக் கொடுத்துவிட்டு, எத்தனை விற்றது, வரவு எவ்வளவு என்ற கணக்கையே கண்ணால் காணாதவர்களும் உண்டு. பிள்ளை கதை எழுதுகிறான் என்று கேள்விப்பட்டதும் கடையை யார் பார்ப்பது என்று கவலைப்படும் தகப்பனார்களும் உண்டு.

இவர்கள் அனைவருக்கும் பயன்படக்கூடிய ஒருவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். அவர் இங்கிலாந்து தேசத்தவர், கிறிஸ்தவர். நாற்பத்தேழு நாவல்கள் எழுதியவர். தபால் இலாகாவில் 33 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கிடைத்த வரவை ஷில்லிங், பென்ஸ் வரையில் எழுதி வைத்து, அந்தக் கணக்கை உலகறிய வெளியிடச் செய்தவர். வர்த்தகர்களாகிய நமக்கு அவர் நெருங்கிய சொந்தக்காரர் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

அந்தோணி டிராலப் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி லண்டன் மாநகரில் பிறந்தார். தகப்பனார் கல்வி மிகுந்த வழக்கறிஞர், ஆனால் முன்கோபி. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினர். பின்பு ஹாரோ என்னுமிடத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்தார். அனுபவமில்லாத தொழிலில் பணம் கரைந்தது. சமய சம்பந்தமான பெரிய அகராதி ஒன்றை எழுதத் தொடங்கி, கடைசிவரை முடிக்காமலே போனார்.

குடும்பத்தைக் காப்பாற்ற எண்ணிய தாயார் பிரான்ஸிஸ் அம்மையார், 1827-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சின்சினாட்டி நகரில் பெரிய கட்டடம் ஒன்று கட்டி, அதில் ஊசிமெத்தை, மிளகுச்சிமிழ், பேனாக்கத்தி போன்ற சில்லறைச் சாமான்களை விற்பதென்று ஏற்பாடு. அந்த ஊருக்கு எது தேவை என்று விசாரியாமல் இறக்கிய சரக்கு விலைபோகவில்லை. போட்ட முதல் முழுவதும் போயிற்று. ஆயினும் அந்த அம்மையார் சோர்ந்துவிடவில்லை. ஊர் திரும்பியதும் அமெரிக்கர்களுடைய வீட்டு வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1832-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 53. நூல் பரபரப்பாக விற்றது. அது முதல் அவருடைய பேனாவே குடும்பத்துக்குச் சோறு போட்டது.

1834-இல் கடன்காரர்களின் தொல்லை முற்றியது. ஒருநாள் காலை, தகப்பனாரை வண்டியில் ஏற்றி லண்டன் துறைமுகத்துக்குக் கொண்டு போய்க் கப்பலேற்றிவிடும் வேலை பத்தொன்பது வயது அந்தோணியின் தலையில் விழுந்தது. எதற்காக இந்தப் பயணம் என்பதுகூட அவருக்குச் சொல்லப்படவில்லை. திரும்பி வந்து பார்த்தால், வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய அமீனாவின் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். குடும்பம் பெல்ஜியத்திலுள்ள புரூஜஸ் நகரில் தஞ்சம் புகுந்தது. அங்கே ஒரு மகனும் கணவரும் நோயாளிகளாகப் படுத்த படுக்கையில் கிடக்க, மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் ஒரே அறையில் இருக்க, அம்மையார் விடியுமுன் எழுந்து நாவல் எழுதினார். அந்த மகன் 1834 முடிவிலும் கணவர் 1835-இலும் காலமாயினர். அந்தோணி பிற்காலத்தில் எழுத்தை விளையாட்டாகக் கருதாமல், அன்றாடக் கடமையாகக் கருதியதற்கு வித்து இங்கேதான் விழுந்தது.

1834 நவம்பரில் அவர் லண்டன் தபால் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வருஷச் சம்பளம் 90 பவுன். தனியாக வாழ்ந்த இளைஞருக்கு அது போதவில்லை. தையற்காரருக்குக் கொடுக்க வேண்டிய 12 பவுனுக்காகக் கையெழுத்திட்ட சீட்டு, ஒரு வட்டிக்காரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வட்டிக்காரரிடம் அவர் ரொக்கமாக வாங்கியது 4 பவுன் மட்டுமே. சீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து முடிவில் கொடுத்ததோ 200 பவுனுக்கு மேல்! வட்டிக்காரர் தினந்தோறும் அலுவலகத்துக்கே வந்து மேஜையருகில் நின்று, தவறாமல் நடந்துகொள்ளும்படி புத்தி சொல்லிவிட்டுப் போவாராம். வட்டியை நம் மார்க்கம் ஏன் ஹராமாக்கிற்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

1841-இல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். அங்கே வருமானம் உயர்ந்தது, கடன் தீர்ந்தது, 1844-இல் ரோஸ் என்ற மாதரசியை மணந்தார். கிராமம் கிராமமாகக் குதிரையில் போய்த் தபால் விநியோகத்தைச் சீர்படுத்தினார். தெருவோரத்தில் தபால் பெட்டி நாட்டும் முறையைச் சானல் தீவுகளுக்குச் சிபாரிசு செய்து, 1852-இல் ஜெர்ஸித் தீவில் முதற்பெட்டிகள் நிறுவப்படக் காரணமாயிருந்தவரும் இவரே.

அயர்லாந்தில்தான் நாவல் எழுதத் தொடங்கினார். இனி, அவர் கண்ட பிரசுர அனுபவத்தைக் கவனிப்போம்.

முதல் நாவல் 1847-இல் வெளிவந்தது. தாயார் மூலமாகவே ஒரு பிரசுரகர்த்தர் கிடைத்தார். லாபத்தில் சரிபாதி என்பது ஒப்பந்தம். லாபமும் வரவில்லை, கணக்கும் வரவில்லை. இரண்டாவது நாவல் வேறொருவரிடம், அதே பாதி லாப ஒப்பந்தம். இவரிடமிருந்து கணக்கு வந்தது: அச்சிட்டது 375 பிரதி, விற்றது 140, நஷ்டம் 63 பவுன் 10 ஷில்லிங் சொச்சம். மூன்றாவது நாவலுக்கு முன்பணமாக 20 பவுன் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான்காவது நாவல் 1855-இல் வந்த 'தி வார்டன்'. மீண்டும் பாதி லாபம். முதல் வருஷ முடிவில் 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸும், அடுத்த வருஷம் 10 பவுன் 15 ஷில்லிங் 1 பென்னியும் வந்தன. ஆக, 1843-இல் எழுத உட்கார்ந்தவர், 1856 முடிய நான்கு நாவல்களால் கண்ட வரவு நாற்பது பவுனும் சில்லறையுமே. கல்லுடைக்கப் போயிருந்தால் இதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சிரித்துக் கொண்டார்.

இந்தப் பாதி லாப முறையின் சூட்சுமத்தை நம் வர்த்தகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அச்சுக் கூலி, காகிதம், விளம்பரம் எல்லாம் கழித்த பிறகே லாபம். கழிக்கிறவர் பிரசுரகர்த்தர், கணக்குப் புத்தகமும் அவர் கையில். எழுதியவர் பெயருக்குப் பங்காளி; பேரேட்டைப் பார்க்க முடியாத பங்காளி.

அந்நாளைய புத்தக வியாபாரமும் விசித்திரமானது. மூன்று பாகமாக வெளியாகும் நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். குமாஸ்தாவாயிருந்த டிராலப்பின் ஒரு வாரச் சம்பளமே ஏறக்குறைய 34 ஷில்லிங்தான். ஆகவே சாதாரண மக்கள் விலைக்கு வாங்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு கினி சந்தா கட்டி, வாடகை நூல்நிலையங்களில் எடுத்துப் படிப்பார்கள். நூறு ஜனங்கள் படிக்க ஒரு சில பிரதிகள் விற்றால் போதும் என்ற நிலை. புதிய எழுத்தாளர் தலையெடுப்பது எத்தனை கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் 'தி வார்டன்' பணம் தராவிட்டாலும் பெயர் தந்தது. பத்திரிகைகள் கவனித்தன. அடுத்த நாவலாகிய 'பார்செஸ்டர் டவர்ஸ்' 1857-இல் வெளிவந்தபோது, 100 பவுன் முன்பணம் கேட்டுப் பெற்றார். அதற்கடுத்த நூலுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்டபோது, புகழ்பெற்ற தங்கள் கம்பெனியின் பெயர் முகப்பில் இருப்பதே அதிகப் பணத்தைவிட மேலானதென்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. கம்பெனியின் பெயர் கம்பெனிக்குத்தான் சொத்து, தமக்கு வேண்டியது கூலி என்று கருதி, வேறொருவரிடம் 250 பவுனுக்கு முழு உரிமையையும் விற்றார். அது முதல் பெரும்பாலும் மொத்த விலை பேசி ரொக்கமாக விற்பதே அவர் வழக்கமாயிற்று.

'டாக்டர் தோர்ன்' விற்ற கதை சுவையானது. ஒரு பிரசுரகர்த்தர் 400 பவுனுக்கு ஒப்புக்கொண்டார். மறுநாளே வந்து, கணக்குப் பார்த்ததில் 300-க்கு மேல் கட்டாது என்றார். டிராலப்போ எகிப்துக்குப் புறப்படும் அவசரத்திலிருந்தார். அவசரத்தில் இருப்பவன் விலையைக் குறைப்பான் என்பது சந்தை வழக்கம். இவர் அப்படிச் செய்யாமல், நேரே மற்றொரு கம்பெனிக்குள் நுழைந்து, சரக்கு இது, விலை 400, ஏற்பதா இல்லையா என்று கேட்டார். வழிப்பறிக்காரனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாலும், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியோடு அவருக்கு நெடுங்காலத் தொடர்பு ஏற்பட்டது.

எகிப்துப் பயணம் நமக்கும் சம்பந்தமுடையது. சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கீழ்நாடுகளின் தபால் அலெக்ஸாண்டிரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைமார்க்கமாகக் கடந்து, சூயஸில் மீண்டும் கப்பலேறும். அந்தத் தபாலை ரயிலில் கொண்டு செல்ல எகிப்து அரசாங்கத்தோடு உடன்படிக்கை பேசவே, 1858-இல் டிராலப் அனுப்பப்பட்டார். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இங்கிலாந்திலிருந்து வந்த தபால் அந்நாளில் இந்த வழியாகவே வந்தது. அந்தப் பயணத்தில் கடல் கொந்தளித்தபோது, எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை வைத்துவிட்டு ஓடிப்போய் வாந்தியெடுத்துத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். எகிப்திலிருக்கும்போதே 'டாக்டர் தோர்ன்' முடிந்தது. மறுநாளே அடுத்த நாவலின் முதற் பக்கத்தைத் தொடங்கிவிட்டார்.

1860 ஜனவரியில் 'கார்ன்ஹில்' என்ற மாத சஞ்சிகை பிறந்தது. விலை ஒரு ஷில்லிங். ஆசிரியர் புகழ்பெற்ற நாவலாசிரியர் தாக்கரே. முதலிதழ் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் தொடர்கதையாக வந்த 'ஃபிராம்லி பார்சனேஜ்' நாவலுக்கு டிராலப் பெற்றது 1,000 பவுன். 1867-இல் முடிவுற்ற 'தி லாஸ்ட் கிரானிகல் ஆஃப் பார்செட்' நாவலுக்கு 3,000 பவுன். இருபது ஆண்டுகளுக்கு முன் கணக்கே வராமற்போன அதே பேனா!

இத்தனையும் எப்போது எழுதினார்? பகலெல்லாம் தபால் வேலை. ஆகவே காலை ஐந்தரை மணிக்கே மேஜையில் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவருவதற்காகவே ஒரு கிழ வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் தனியாகக் கொடுத்தார். தாம் அடைந்த வெற்றிக்கு மற்றெவரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடமைப்பட்டிருப்பதாகவும் கருதினார். முதல் அரைமணி நேரம், நேற்று எழுதியதை வாசித்துச் சரிபார்ப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். மூன்று மணி நேரம் முடிந்ததும் எழுந்துவிடுவார். ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். அதை மனைவியார் மையினால் பிரதி செய்வார். ஒரு வாரத்துக்குச் சராசரி நாற்பது பக்கம் என்று நாட்குறிப்பில் கோடு போட்டு, அன்றன்று எழுதிய பக்கங்களைப் பதிந்து வருவார். குறைந்த வாரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வெட்கம் அவரை எழுப்பிவிடும்.

சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து, அதன்பின் கடை திறக்கும் நம்மவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. அந்த வைகறை நேரத்தின் பரக்கத்தைப் பேனாவுக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் புதிது.

அவருடைய குறைகளையும் மறைக்கலாகாது. அளவுக்கு மிஞ்சி எழுதினார். ஒரு நாவல் விற்று முடியுமுன் அடுத்ததைச் சந்தையில் இறக்கினார். பிற்காலத்தில் விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். தாம் சந்தையை நிரப்பிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். தம்முடைய நூல்கள் தகுதியால் விற்கின்றனவா, பெயரால் விற்கின்றனவா என்று சோதிக்க விரும்பி, இரண்டு நாவல்களைப் பெயர் போடாமலே வெளியிட்டார். அவை ஓடவில்லை. பெயர் என்பது வருஷக் கணக்கில் சேர்த்த முதல் என்பதை அச்சோதனை அவருக்கு உணர்த்தியது. அமெரிக்காவில் அவருடைய நூல்களை அனுமதியின்றி அச்சிட்டு விற்றார்கள். 1868-இல் தபால் உடன்படிக்கைக்காக வாஷிங்டன் போனபோது, நூலுரிமைக்கும் வழி தேடினார், பலிக்கவில்லை. அந்நிய எழுத்தாளர் உரிமையை அந்நாடு 1891-இல்தான் சட்டத்தால் ஏற்றது. அப்போது அவர் உயிரோடில்லை.

1875, 76-ஆம் ஆண்டுகளில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, தமக்குப் பின் வெளியிடும்படி மகனிடம் ஒப்படைத்தார். 1882 டிசம்பர் 6-இல் அவர் காலமானபின், 1883-இல் அது வெளிவந்தது. புதிதாக எழுதப் புகுவோருக்கு அவர் சொல்லிய புத்திமதிகளின் சாரத்தை நம் நடையில் தருகிறோம்.

முதலாவது: சோற்றுக்கு வேறு வழி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். இத்தொழிலுக்கு மேஜையும் காகிதமும் பேனாவும் தவிர முதல் வேண்டாம் என்பதாலேயே பலர் அவசரப்பட்டு இறங்கி ஏமாறுகிறார்கள். புகழும் பணமும் வந்தபின்னும் அவர் 1867 வரையில் உத்தியோகத்தை விடவில்லை.

இரண்டாவது: சொல்லவேண்டிய கதை உள்ளத்தில் இருந்தால் எழுதுங்கள். ஏதாவது ஒரு கதை சொல்லியாக வேண்டுமே என்பதற்காக எழுதாதீர்கள். உங்கள் பாத்திரங்களோடு இரவும் பகலும் பழகுங்கள்.

மூன்றாவது: உற்சாகம் வரட்டும் என்று காத்திராதீர்கள். செருப்புத் தைப்பவர் ஒரு ஜோடி முடிந்ததும் அதைப் பார்த்துப் பூரித்துக் கொண்டிராமல் அடுத்த தோலை எடுக்கிறார். எழுத்தாளரும் அப்படியே செய்ய வேண்டும்.

நான்காவது: எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் பலமுறை திருப்பிப் படியுங்கள். சொன்ன நாளில், சொன்ன அளவில் ஒப்படையுங்கள். நாணயம் தவறியவரிடம் யாரும் மறுமுறை சரக்கு வாங்குவதில்லை.

ஐந்தாவது: மதிப்புரைக்காகப் பத்திரிகைக்காரர்களைக் கெஞ்சவும் வேண்டாம், குறை சொன்னவரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். குறையில் உண்மை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது: உழைப்புக்குக் கூலி கேட்பதில் இழிவில்லை. மருத்துவரும் வழக்கறிஞரும் கூலி பெறுகிறார்கள். கூலியைப் பெற்றுக்கொண்டு வேலையை அரைகுறையாகச் செய்வதே இழிவு.

அந்த நூலின் இறுதியில் தம் புத்தகங்களின் வரவுப் பட்டியலை வரிவரியாகத் தந்திருக்கிறார். ஐந்தொகை 68,939 பவுன் சொச்சம். இது நல்ல வருமானந்தான், ஆனால் பெரிய சாதனையல்ல என்று அடக்கமாகவே கூறியிருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கும் கடிகாரமும் அவருடைய பெயருக்கு ஊறு விளைவித்தன. கலைஞன் காசு எண்ணலாமா, கடிகாரம் பார்த்து எழுதியது இலக்கியமாகுமா என்று பலர் முகஞ்சுளித்தனர். சிலகாலம் அவர் நூல்கள் மங்கியிருந்தன. பின்பு மக்கள் நூல்களை எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். கணக்கு எழுதிய அதே கை மனித உள்ளத்தையும் அறிந்து எழுதியிருப்பதைக் கண்டார்கள். 1987-இல் அவர் பெயரால் ஒரு சங்கம் அமைந்தது. 1993-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், புலவர்களுக்குரிய பகுதியில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

சகோதரர்களே! கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைத்துக்கொள்ளும்படி திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. மிளகுக்கும் துணிக்கும் பொருந்தும் அந்தக் கட்டளை புத்தகத்துக்கும் பொருந்தும். எழுதும் இளைஞர்கள் எத்தனை பிரதி, என்ன விலை, எப்போது கணக்கு என்பதை முதலிலேயே கையெழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நூறு பிரதிக்கு வாசகர் இருக்கும்போது ஆயிரம் அச்சிடலாகாது. அச்சுக்காகக் கடன் வாங்குவதை, அதிலும் வட்டிக்கு வாங்குவதை அறவே விலக்க வேண்டும்.

தகப்பனார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதுவதைத் தடுக்காதீர்கள். கடை வேலையை விட்டுவிட்டு எழுதவும் விடாதீர்கள். வைகறையில் இரண்டு மணி நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். எழுதிய நூல் நன்றாயிருந்தால் இனாமாகப் பெறாமல், விலை கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். நம் வர்த்தகர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கினாலே, வீட்டு மூலையிலிருக்கும் கட்டுகள் குறையும்.

நம் இளைஞர்களின் பேனாவிலும் உழைப்பிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன்.